கம்பளிப்பூச்சிக்கு ஞாபகமா, பூவா தலையாவா?

இலைக்கள்ளன்:
கூட்டுக்குள்ள போற கம்பளிப்பூச்சி கூழாகி, அதுலேர்ந்து புதுசா ஒரு பூச்சி வருதுன்னுதான் படிச்சிருக்கோம். அப்ப புழுவா இருந்தப்ப பட்ட அடி, பறக்கும்போது நினைவிருக்குமா? இருக்கும்ங்கிறேன். 2008-ல ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புகையிலைக் கொம்புப்புழுவுக்கு ஒரு வாசனையைக் காட்டிக் காட்டி மின் அதிர்ச்சி கொடுத்தாங்க. அந்துப்பூச்சியா வெளிய வந்த பிறகும் பெரும்பாலானவை அந்த வாசனைப் பக்கம் போகல.

சந்தேகசாமி:
அந்த வாசனை வர்ற வழி, வராத வழின்னு பூச்சிக்கு இருக்கறதே ரெண்டு வழி. ஒண்ணுல போய்த்தானே ஆகணும்? 10 தடவை நாணயம் சுண்டினா 8 அல்லது அதுக்கு மேல தலை விழ 1024-ல் 56 வாய்ப்பு இருக்கு. நூத்துக்கு அஞ்சரை. இதுக்குப் பேரு ஞாபகமா?

இலைக்கள்ளன்:
பத்தோட நிறுத்தினா நீங்க சொல்றது சரி. இருபதுல பதினாறு? அதே விகிதம்தான், ஆனா வாய்ப்பு நூத்துக்கு 0.6-க்கு இறங்கிடும். அதை விடுங்க. புழு தோலுரிச்சுத் தோலுரிச்சு அஞ்சு பருவமா வளரும். மூணாம் பருவத்துல பாடம் படிச்ச புழு வளர்ந்ததும் மறந்துடுச்சு, கடைசியான அஞ்சாம் பருவத்துல படிச்சது மறக்கல. வெறும் அதிர்ஷ்டம்னா அது வயசு பார்த்தா வரும்?

சந்தேகசாமி:
வாசனை உடம்புலயே ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாமே.

கூட்டுப்புழு:
நடுவுல வரேன், மன்னிக்கணும். அதையும் தனியா சோதிச்சுப் பார்த்து, ஒட்டின வாசனை காரணமில்லன்னு காட்டியிருக்காங்க சார். இந்தக் ‘கூழ்’ கதையே பாதி மிகை. மூச்சுக்குழாய்கள் கரையறதில்ல. மூளையும் முழுசா அழியாது. பல நரம்பு செல்கள் பழைய கிளையைக் கழிச்சுட்டு புதுசு விடும். கவாத்து பண்ணின செடி மாதிரி.

சந்தேகசாமி:
சரி, புழுவுக்கு இருந்துட்டுப் போகட்டும். நாணயத்துக்குக் கிடையாதுல்ல? நேத்து என் தம்பி, வரிசையா ஆறு தலை விழுந்ததும் அடுத்தது பூதான்னு அடிச்சுச் சொல்றான். ஏழாவது சுண்டலுக்கு முதல் ஆறைப் பத்தி என்னடா தெரியும்னு கேட்டேன். அவன் கேக்கற ஆளா!

கூட்டுப்புழு:
தம்பி சொன்னது தப்பு. ஆனா நீங்களும் முழுசா சரியில்ல. 2023-ல வெளியான ஒரு ஆய்வுக்காக 48 பேர் உட்கார்ந்து 3,50,757 தடவை சுண்டினாங்க. மேல பார்த்துக்கிட்டுக் கிளம்பின பக்கமே 50.8 சதவீதம் மேல விழுந்துச்சு. தலை எத்தனை, பூ எத்தனைன்னு மட்டும் எண்ணினா சரிபாதிதான். சுழலும்போது நாணயம் லேசா தள்ளாடும். அதனால கிளம்பின பக்கம் காத்துல கொஞ்சம் கூடுதல் நேரம் மேல இருக்கும். கிட்டத்தட்ட 51 வரும்னு கணித ஆய்வாளர் பெர்சி டயகோனிஸ் குழு 2007-லயே கணக்குப் போட்டிருந்தாங்க.

இலைக்கள்ளன்:
ஆக, நாணயத்துக்கும் ஞாபகம் உண்டு!

சந்தேகசாமி:
அது கட்டைவிரலோட வேலைங்க. அந்த 48 பேர்லயும் ஆளுக்கு ஆள் அந்தச் சாய்வு மாறுச்சாம். புழு பட்டதை வாரக்கணக்கா சுமக்குது, நாணயம் தரையைத் தொட்டதும் எல்லாம் போச்சு. ரெண்டையும் ஒரே பேர்ல கூப்பிடாதீங்க.

இலைக்கள்ளன்:
கூப்பிடல. ஆனா அடுத்த தடவை நான் சுண்டறப்ப, கையில எந்தப் பக்கம் மேல இருக்குன்னு எட்டிப் பார்க்கக் கூடாது.


சந்தேகசாமி:
பார்ப்பேனே.