கலைச்சொல் விவாதம்: குடும்பப்பெயரா, வழிப்பெயரா?

மதிப்பிற்குரிய குழும அன்பர்களுக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து என் வணக்கம்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக நான் தொகுத்து வரும் புகழாளர் பெயரகராதி, ‘போ’ என்னும் எழுத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. போஸ் என்னும் பெயரின்கீழ் மூவர் வந்து சேர்ந்தனர். ஒவ்வொருவருக்கும் தனிப்பதிவு எழுதுமுன், இப்பெயரைத் தாங்கிய பெரியோர் இன்னின்னார் என்று காட்டும் தலைப்பதிவு ஒன்று வேண்டும். அதில் ‘போஸ்’ என்பதை எந்தச் சொல்லால் குறிப்பது, அதைத் தாங்கியவர்களைச் சேர்த்து எப்படிச் சொல்வது என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். ஈப்போ ஐயா ‘குடும்பப்பெயர்’ போதும் என்றார். பினாங்கு அம்மா ‘குலப்பெயர்’ என்றார். கிள்ளானிலிருந்து எழுதும் தம்பி ‘பின்பெயர்’ என்றார். மூன்றையும் வைத்துப் பதிவுகளை எழுதிப் பார்த்தேன். ஏதாவது ஓரிடத்தில் மூன்றுமே பிள்ளைகளுக்குத் தவறான செய்தியைச் சொல்லிவிடுகின்றன. அதை விளக்கவே இந்த நீண்ட மடல்.

முதலில் போஸையே எடுத்துக்கொள்கிறேன். தாவரங்களின் உணர்வை ஆராய்ந்த ஜகதீச சந்திர போஸ் 1858இல் பிறந்தவர். ஐன்ஸ்டைனோடு சேர்த்துப் பேசப்படும் சத்தியேந்திரநாத் போஸ் 1894இல் பிறந்தவர். ‘போசான்’ என்னும் துகள்வகைப் பெயர் இவரால் வந்தது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1897இல் கட்டாக்கில் பிறந்தவர். மூவருமே வங்காளிகள், மூவரும் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியோடு தொடர்புடையவர்கள். முதலாமவர் அங்கே கற்பித்தார், மற்ற இருவரும் அங்கே படித்தனர். இத்தனை நெருக்கம் இருந்தும் அவர்கள் ஒரே குடும்பத்தார் அல்லர். ‘போஸ் என்னும் குடும்பப்பெயர் கொண்டோர்’ என்று எழுதினால், படிக்கும் பிள்ளை மூவரையும் அண்ணன் தம்பியாகவோ தந்தை மகனாகவோ எண்ணுவதற்கு நானே வழி செய்து கொடுத்தவனாவேன்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. சர் சி. வி. இராமன் 1930இலும் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். சந்திரசேகர் இராமனின் அண்ணன் மகன். இரத்த உறவு இவ்வளவு அருகில் இருந்தும், தலைமுறை தோறும் மாறாமல் இறங்கி வரும் பொதுப்பெயர் எதுவும் இருவருக்கும் இல்லை. ‘இராமன் விளைவு’ என்பதும் ‘சந்திரசேகர் வரம்பு’ என்பதும் இருவரின் சொந்தப் பெயர்களாலேயே வழங்குகின்றன. ஆகவே பெயர் ஒன்றாக இருப்பதையும் குடும்பம் ஒன்றாக இருப்பதையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கக்கூடாது என்பதே என் முதல் கருத்து.

எங்கள் ஊரிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். இங்குள்ள மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் திறந்து வைத்தவர் விஜயலட்சுமி பண்டிட். அவருடைய அண்ணன் நேரு. அண்ணன் மகள் இந்திரா காந்தி. ஒரே வீட்டைச் சேர்ந்த மூவருக்கு மூன்று பெயர்கள், ஏனெனில் பெண்கள் இருவரும் கணவர் பெயரை ஏற்றனர். பள்ளி எவர் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்தக் காந்திக்கும் பெரோஸ் காந்தியை மணந்த இந்திராவுக்கும் உறவு இல்லை. ஆனால் இந்திரா மகாத்மாவின் மகள்தானே என்று கேட்காத மாணவத் தலைமுறை ஒன்றையும் நான் கண்டதில்லை. அதோடு, ‘பண்டித நேரு’ என்னும்போது பண்டிதர் என்பது மரியாதைச் சொல். ‘விஜயலட்சுமி பண்டிட்’ என்னும்போது அது கணவர் ரஞ்சித் சீதாராம் பண்டிட்டிடமிருந்து வந்த பெயர். நம் நாட்டிலும் இதே சிக்கல் இருக்கிறது. ‘டான் ஸ்ரீ’ என்பதில் டான் ஒரு விருதின் பகுதி. அரசியல் தலைவர் டான் செங் லோக், அவர் மகன் டான் சியூ சின் ஆகியோர் பெயரில் அது சீன மரபுப் பெயர். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதால், அகராதி செய்பவர் விழிப்பாக இருந்தாக வேண்டும்.

‘பின்பெயர்’ என்று சொன்ன தம்பிக்கு விடை இந்த டானிலேயே இருக்கிறது. சீனர்களுக்கு வழிவழியாக வரும் பெயர் முன்னால் நிற்கிறது. நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் முன்னால் நிற்கிறது. இடத்தை வைத்துச் சொல் ஆக்கினால், மக்கள் மூன்று இனமாக வாழும் நம் நாட்டில் அது முதல் நாளே பிழையாகிவிடும்.

‘குலப்பெயர்’ என்னும் சொல்லைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். என் தந்தையார் தம் பெயரோடு ஒட்டியிருந்த பட்டத்தை விட்டவர். தோட்டத்தில் லயம் என்னும் வரிசை வீட்டில் வாழ்ந்து, இரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைத்த அவருக்கு அது சிறிய செயல் அன்று. குலம் என்னும் சொல்லை ஓர் அகராதித் தலைப்பில் மீண்டும் கொண்டுவந்து வைக்க என் கை ஒப்பவில்லை. கருத்தளவிலும் அது பொருந்தாது. இந்தியாவின் பிரதமர்களாக இருந்த சரண் சிங், வி. பி. சிங், மன்மோகன் சிங் ஆகிய மூவரும் ‘சிங்’ என்றே முடிகின்றனர். ஒருவர் ஜாட், ஒருவர் இராஜபுத்திரர், ஒருவர் சீக்கியர். அதிலும் சீக்கியர்களுக்கு 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவியபோது வந்த அப்பெயர், குல வேற்றுமையை நீக்கும் நோக்கம் உடையது. அதைக் குலப்பெயர் என்று எழுதுவது அந்த நோக்கத்தையே அழிப்பதாகும்.

தொல்காப்பியத்தின் பெயரியலில் நிலப்பெயர், குடிப்பெயர், குழுவின் பெயர், வினைப்பெயர் என்று ஒரு வரிசை உண்டு என்பதை அறிஞர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ‘குடிப்பெயர்’ என்னும் பழஞ்சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே என்று நானும் இரண்டு நாள் ஆசைப்பட்டேன். ஆனால் உரையாசிரியர்கள் காட்டும் சான்றுகள் மலையமான், சேரமான் என்பன. அவை ஒரே மரபில் வந்தவர்களைச் சுட்டுகின்றன. போஸுக்கு எழுந்த தடை அங்கும் எழுகிறது.

தோட்டத்தில் நாங்கள் இதை எப்படிச் சமாளித்தோம் என்பதும் இங்கே பயன்படும். விடியற்காலைப் பெரட்டில் கிராணியார், அதாவது தோட்டத்துக் கணக்கர், பெயர் கூப்பிடும்போது முனியாண்டி என்றால் நான்கு பேர் குரல் கொடுப்பார்கள். அதனால் பெரிய முனியாண்டி, சின்ன முனியாண்டி, அஞ்சாம் லயத்து முனியாண்டி, மாட்டுக்கார முனியாண்டி என்று ஊராரே பிரித்துக்கொண்டார்கள். சங்கப் புலவர்களையும் தமிழர் இப்படியே பிரித்திருக்கிறார்கள்: கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், அரிசில் கிழார் என்று ஊரால் பிரித்தார்கள், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்று தொழிலையும் சேர்த்துச் சொன்னார்கள், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று தந்தையாலும் அடையாளப்படுத்தினார்கள். நம் அடையாள அட்டையில் மகன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே நிற்கும் ‘அனாக் லெலாக்கி’க்கும் அந்த ‘மகனார்’ என்பதற்கும் பொருள் ஒன்றே. எனவே நமக்குப் பெயர்முறை இல்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். தலைமுறை தோறும் இறங்கி வரும் நிலையான பெயர் மட்டுமே நம்மிடம் பரவலாக இல்லை.

அந்த வேறுபாட்டை மறைக்கும் சொல் எதுவாயினும் துன்பம் தரும். சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுப் பயணம் ஒன்றில், விண்ணப்பத்தின் ‘குடும்பப்பெயர்’ என்னும் கட்டத்தில் என் தந்தையின் பெயரை எழுத வேண்டியதாயிற்று. அதன்பின் பயணம் முடியும்வரை எல்லாரும் என்னைத் தந்தையின் பெயரால் அழைத்தார்கள். அவர் மறைந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும் திரும்பிப் பார்த்தேன்.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘வழிப்பெயர்’. வழித்தோன்றல், தந்தைவழி, வழிவழியாக என்னும் ஆட்சிகளில் உள்ள ‘வழி’யே இது. ஒருவருக்கு முன்பே இருந்து, அவரிடம் வந்து, அவருக்குப் பின்னும் செல்லும் பெயர் வழிப்பெயர். ஒரே வழிப்பெயரைத் தாங்கியவர்கள் ‘வழிப்பெயரொத்தோர்’. இச்சொல் பெயரின் ஒப்புமையை மட்டும் கூறுகிறது. உறவைப் பற்றி எதுவும் கூறவில்லை.

எது வழிப்பெயர் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலாய்த் தலைவர் ஓன் ஜாபாரின் மகன் உசேன் ஓன். உசேன் ஓனின் மகன் இசாமுடின் உசேன். மலாய்க்காரர்களின் பெயர்கள் பெரும்பாலும் நம்முடையவை போலவே படிப்படியாக இறங்குகின்றன. தாத்தாவின் பெயர் பேரனிடம் நிற்பதில்லை. இவற்றுக்குத் ‘தந்தைபெயர்’ என்னும் சொல்லே பொருந்தும். எங்கள் ஊர் பெற்ற அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தனின் பெயரில் ‘சம்பந்தன்’ தந்தைபெயரும் அன்று. வீராசாமி என்பதே தந்தைபெயர், திருஞானசம்பந்தன் என்பது அவருடைய சொந்தப் பெயர். இலங்கைத் தமிழர் தலைவராக இருந்த இரா. சம்பந்தனோடு அவரை ஒரே தலைப்பதிவில் வைத்தால், அங்கே ‘இயற்பெயரொத்தோர்’ என்றே எழுத வேண்டும். ஆயினும் தோ புவான் உமா சம்பந்தன் என்று எழுதும்போது அதே சொல் மனைவியிடம் வந்து வழிப்பெயராகத் தொடங்குவதைக் காண்கிறோம்.

குழுமத்தார் தயங்காமல் குறைகளைச் சுட்ட வேண்டுகிறேன்.

*

ஐயா அவர்களுக்கு வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன்.

‘குலப்பெயர்’ என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். உங்கள் தந்தையாரைப் பற்றிப் படித்தபின் அச்சொல்லுக்காக வாதிட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ‘வழிப்பெயர்’ மீது எனக்கு இரண்டு ஐயங்கள் இருக்கின்றன.

ஒன்று, நன்னூல் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரிக்கிறது. இலக்கணம் படித்தவர் காதில் வழிப்பெயர் என்பது இன்னொரு பெயரிலிருந்து பிறந்த பெயர் என்று ஒலிக்கும். மற்றொன்று, நீங்கள் காட்டிய சான்றுகளே உங்களை எதிர்க்கின்றன. இந்திராவுக்குக் காந்தி என்னும் பெயர் பிறப்பால் வரவில்லை, திருமணத்தால் வந்தது. சீக்கியருக்குச் சிங் என்பது சமயத்தால் வந்தது. வழித்தோன்றல் என்னும் பொருளில் ‘வழி’யை எடுத்தால் இவர்கள் இருவருக்கும் அது பொருந்தாதே. தொடர்ந்து வருவது என்னும் பொருளில் ‘தொடர்பெயர்’ என்றால் என்ன? இங்கே முதலமைச்சராக 1969 முதல் 1990 வரை இருந்த லிம் சோங் இயூ, 2008 முதல் 2018 வரை இருந்த லிம் குவான் எங் ஆகிய இருவருக்கும் உறவு இல்லை. இரண்டாமவர் லிம் கிட் சியாங்கின் மகன். மூவரையும் ஒரே தலைப்பில் வைக்கத் தொடர்பெயர் எளிதாக இருக்கும் என்பது என் எண்ணம்.

*

அம்மா அவர்களுக்கு நன்றியுடன் எழுதுகிறேன்.

தொடர்பெயரை நேற்றிரவு முழுவதும் எடுத்துவைத்துப் பார்த்தேன். இலக்கணத்தில் தொடர் என்றால் சொற்கள் சேர்ந்து நிற்பது. ‘தொடர்பெயர்’ என்பதைப் பல சொல்லால் ஆன பெயர் என்று மாணவர் கொள்வர். வழிநூலால் வரும் மயக்கத்தைவிட இது பெரியது. தாங்கள் சொன்ன வழிநூல் மயக்கம் உண்மைதான் என்றாலும், வழிநூலும் முன்னோர் நூலைப் பின்பற்றி வருவதே ஆதலால் பொருள் வெகுதூரம் விலகிவிடவில்லை.

தங்களின் இரண்டாம் ஐயம் எனக்குப் பேருதவி செய்தது. ‘வழி’ பிறப்பை மட்டும் சுட்டும் என்று நானும் குறுக்கி எண்ணியிருந்தேன். தந்தைவழி, தாய்வழி என்று சொல்லும் நாம் மணவழி, சமயவழி, தொழில்வழி என்றும் சொல்ல முடியும். அப்படியானால் ஒரு பெயர் எந்த வழியில் வந்தது என்பதை அந்தச் சொல்லைக் கொண்டே குறிக்கலாம். இந்திராவுக்குக் காந்தி மணவழிப் பெயர். மன்மோகனுக்குச் சிங் சமயவழிப் பெயர். காந்தி என்பதே ஆதியில் மளிகை வணிகத்தைக் குறித்தது என்பதால் அதன் பிறப்புத் தொழில்வழி. ‘தொடர்பெயர்’ என்பதிலிருந்து இப்படிக் கிளைச்சொற்கள் ஆக்க முடியவில்லை. எனவே தங்கள் ஐயத்தை ஏற்று, விளக்கத்தை மட்டும் மாற்றுகிறேன்: பிறப்பு, திருமணம், சமயம் முதலிய ஏதேனும் ஒரு வழியாக ஒருவரிடம் வந்து, பலர்க்கும் பொதுவாக நிற்கும் பெயர் வழிப்பெயர்.

முதல் பதிவை இவ்வாறு எழுதியிருக்கிறேன்:

‘போஸ் – வங்காளத்தில் தந்தைவழியாக வரும் வழிப்பெயர், பாசு எனவும் வழங்கும். வழிப்பெயரொத்தோர்: ஜகதீச சந்திர போஸ், அறிவியலர், சத்தியேந்திரநாத் போஸ், இயற்பியலர், முன்னவரின் மாணவர், சுபாஷ் சந்திர போஸ், விடுதலைப் போராளி, 1943இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றவர், ஜோதி பாசு, மேற்கு வங்க முதலமைச்சராக இருந்தவர். இவர்கள் தம்முள் உறவினர் அல்லர். தமிழரிடையே போஸ் என்பது நேதாஜியின் நினைவாக இடப்படும் இயற்பெயர்.’

கடைசி வரியைச் சேர்க்காமல் இருக்க முடியவில்லை. தோட்டத்திலிருந்து அவர் படைக்குப் பலர் சென்றார்கள். என்னோடு படித்தவர்களில் இருவருக்குப் போஸ் என்று பெயர்.

இனி லிம் பதிவு இருக்கிறது. லிம் கிட் சியாங்கின் லிம்மும், 2008, 2012 ஒலிம்பிக் பூப்பந்து இறுதிகளில் நம் லீ சோங் வெய்யை வென்ற சீன ஆட்டக்காரர் லின் டானின் லின்னும் சீன எழுத்தில் ஒன்றே. ஒலிப்புத்தான் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. மறுபுறம் லீ குவான் யூவின் லீயும் அமெரிக்கத் தளபதி இராபர்ட் லீயின் லீயும் தமிழில் ஒரே எழுத்தாக வந்தாலும் வேரில் தொடர்பற்றவை. முதலாவதை ஒரே பதிவாகவும் இரண்டாவதை இரு பதிவுகளாகவும் வைக்க எண்ணுகிறேன். கிள்ளான் தம்பி சீனப்பள்ளியில் படித்தவர் என்பதால், டான், சான், சென் ஆகிய மூன்றையும் இதே முறையில் ஒன்றாகச் சேர்க்கலாமா என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் மடல் வந்தபின் ‘ட’ வரிசையைத் தொடங்குகிறேன்.