எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த அனுபவம் உண்டா?

வடசென்னைக்காரன்:

ஆடி பிறந்தாகிவிட்டது. முகூர்த்தம் இல்லை, மண்டபம் இல்லை. "ஆல்பம் எப்போ தம்பி வரும்?" என்று கேட்டு வரும் போன் மட்டும் நிற்கவில்லை. 14 வருடமாகக் கல்யாண போட்டோ வேலை. எனக்கென்று கேமராவைத் தூக்குவது ஆடியிலும் மார்கழியிலும்தான். போன வருடம் நடந்த ஒன்று இன்னும் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

காசிமேடு துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமை மீனைவிடக் கேமரா அதிகம். அதனால் வாரநாளில் விடியற்காலை நாலரைக்குப் போவேன். உண்மையில் அங்கே நிதானமாகப் பேசிப் பழக ஏற்ற சமயம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம்தான். லாஞ்சுகள் (விசைப்படகுகள்) எல்லாம் கட்டிக் கிடக்கும், ஆட்கள் வலையைப் பிரித்துப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் சித்திரை, வைகாசியில் எனக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது. அவர்கள் சும்மா இருக்கும்போது எனக்கு வேலை, நான் சும்மா இருக்கும்போது அவர்களுக்கு.

போன ஆடியில் ஏலம் முடிகிற நேரம். ஒரு ஆயா சங்கரா மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார். முழங்கை வரை ஒட்டியிருந்த செதில்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் மினுங்கின. 85 எம்எம் லென்ஸ், 1.8 அப்பெர்ச்சர், பின்னணி மங்கிவிடும். ஏழெட்டு படம் எடுத்திருப்பேன். ஆயா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "எல்லாம் வர்றீங்க, புடிக்கிறீங்க, போறீங்க. ஒருத்தனாவது திருப்பிக் குட்த்துக்கிறானா?"

சுருக்கென்றது. கொடுத்தே தீர்வது என்று இருந்தேன். ஆனால் ஆவணியில் வேலை பிடித்துக்கொண்டது, மார்கழியில்தான் போக முடிந்தது. நண்பர்கள் மெச்சிய படத்தை 8க்கு 12 பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். பின்னால் எல்லாம் கரைந்து, ஆயாவின் முகமும் கையும் மட்டும் துல்லியமாக நிற்கும். ஆயா கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் கீறேன், சரி. பின்னால இன்னா இது, பனி மாறி?"

"லாஞ்சு ஆயா. அது தெரியக் கூடாதுன்னு அப்படி எடுக்கறது."

"அது எங்க அண்ணன் லாஞ்சுப்பா. ஐப்பசில வித்துட்டாரு."

அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. படத்தை ஒரு கேரிபேக்கில் சுற்றி வைத்துக்கொண்டார். நான் டீ கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். அப்போதிலிருந்து எங்கே எடுத்தாலும் அப்பெர்ச்சர் 8 வைத்து, பின்னணியும் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்துவிடுகிறேன், எனக்குப் பிடிக்காவிட்டாலும்.

ஸ்டூடியோ அண்ணாச்சி, சிவகாசி:

தம்பி, உங்களுக்காவது ஆடி, மார்கழி இருக்கு. அந்தக் காலத்தில் எங்களுக்கு ஃபிலிம் ரோல் கடைசியில் மிஞ்சியதுதான் சொந்தப் படம். 1986ல் கடை போட்டேன். 36 படம் ரோல் என்பார்கள், சாமர்த்தியமாக மாட்டினால் 37, 38 கூட வரும். அந்த மிச்சத்தில்தான் டீக்கடை, கோயில் வாசல், மழை. கல்யாண வீட்டுக்காரர் காசில் கலை வளர்த்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருப்பு வெள்ளைக்கு ஊட்டியில் செய்த இந்து (Indu) பிராண்டு ரோல், அதைக் கடையிலேயே கழுவிவிடுவேன். கலர் ரோலை மதுரை லேபுக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும்.

ஒரு தடவை லேபில் ரோல் முழுக்கப் பிரிண்ட் போட்டு அனுப்பிவிட்டார்கள். நானும் பார்க்காமல் கவரோடு பெண் வீட்டில் கொடுத்துவிட்டேன். மறுநாள் பெண்ணின் அப்பா கடைக்கு வந்து ஒரு படத்தை மேஜையில் வைத்தார். சுவரில் முன்னங்காலைத் தூக்கி வைத்து சினிமா போஸ்டரைத் தின்கிற வெள்ளாடு. "அண்ணாச்சி, இது மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா?" என்றார். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தார், நல்ல மனுஷன். அந்த ஆடு இன்னும் என் கடை ஷோகேஸில் இருக்கிறது. கல்யாணப் படம் எதையும் நான் வைக்கவில்லை.

உடன்குடி:

குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவில் இப்போதெல்லாம் கையோடு கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. காளி வேஷம் போட்ட ஒரு அண்ணனை எடுத்தேன். கிரீடம், சடை, முதுகில் கட்டிய கைகள் என்று ஆள் அசைய முடியாத பாரம். படம் எடுத்து முடித்ததும் "இப்பவே அனுப்புலே" என்றார். கேமராவிலிருந்து வைஃபையில் என் போனுக்கு ஏற்றி, "நம்பர் சொல்லுங்கண்ணே" என்றால், இத்தனை கை இருந்தும் போனை எடுக்க ஒரு கை தோதில்லை. பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற அவர் தம்பிதான் காட்டினான். அங்கேயே பார்த்துவிட்டு "நாக்கு சரியா விழல, இன்னொண்ணு எடு" என்றார் காளி.

திருவண்ணாமலை:

நான் ஆட்களை எடுப்பதைக் குறைத்துக்கொண்டேன், வீடுகள்தான். ஓட்டு வீடு, திண்ணை, மரத்தூண். ஆனால் அதிலும் தப்பிக்க முடியாது. கேமராவோடு தெருவில் நின்றால் முதல் கேள்வி "எந்த டிவிம்மா, எப்போ வரும்?" இரண்டாவது, "ரோடு அகலப்படுத்தப் போறாங்களா?"

ஒரு பெரியவர் நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பட்டா ஜெராக்ஸை எடுத்து வந்து, "ரெண்டு பக்கமும் நல்லா எடுத்துக்கம்மா, எங்க அப்பா காலத்துல இருந்து இங்கதான்" என்று திண்ணையில் விரித்து வைத்தார். எடுத்தேன். வேறென்ன செய்வது? மோர் கொடுத்தார்கள். கொடுத்த பிரிண்டைப் பட்டாவோடு சேர்த்தே பத்திரப்படுத்தியிருக்கிறார், போன மாதம் காட்டினார்.

வடசென்னைக்காரரே, ஆயாவின் மற்ற படங்களைத் திரும்பப் பார்த்தீர்களா? ஏழெட்டு எடுத்தேன் என்றீர்களே. லைட் பார்க்க ஒன்றிரண்டு தட்டியிருப்பீர்கள்.

வடசென்னைக்காரன்:

மேடம், நீங்கள் எழுதியதும் பழைய ஹார்ட் டிஸ்கைத் தோண்டினேன். நல்லவேளை, நான் கழித்ததை உடனே அழிக்கிற ஆள் இல்லை. ஆயாவுக்கு முந்தின ஃபோல்டரில் இருந்தது. வேறு லென்ஸில், அப்பெர்ச்சர் 8 வைத்து, வந்ததும் வராததுமாகத் தட்டியது. கோணல், இருட்டு வேறு. ஆனால் லாஞ்சு முன்முனையிலிருந்து பின்முனை வரை துல்லியம். பக்கவாட்டில் எழுதிய பெயரும் நம்பரும் படிக்க முடிகிறது. ஓரத்தில் ஆயா பாதி.

கொஞ்சம் வெளிச்சம் ஏற்றிப் பிரிண்ட் போட்டு இன்று காலையில் கொண்டுபோனேன். இந்தத் தடவை ஆயா படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். பக்கத்துக் கூடைக்காரம்மாவிடம் கொடுத்து, அது நாலைந்து பேர் கைக்குப் போய் ஐஸ் தண்ணி பட்டு ஒரு மூலை ஊறிப்போய்த் திரும்பி வந்தது. "நம்பரு கூட கீதுடி" என்றார் ஒருத்தி. தன்னைப் பாதி வெட்டியதைப் பற்றி ஆயா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொரு காப்பி அண்ணனுக்கு வேண்டுமாம்.

காசு வேண்டாம் என்றதற்கு ஒரு கூறு சங்கராவைப் பையில் கொட்டிக் கொடுத்தார். மறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, வாசலில் செம்மண் பட்டையோடு மாக்கோலத்தைப் பார்த்த பிறகுதான் இன்று ஆடி வெள்ளி என்பது உறைத்தது. மீன் இப்போது கீழ்வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது.