வடக்கு வளவு பங்காளிகள் குழு: 803 கார்ட்ரிட்ஜ், எது கட்டுபடியாகும்?

[காலை 9:12] வள்ளி ஆச்சி: பிரிண்டர்ல கறுப்பு மை தீந்துபோச்சு. காரைக்குடில கேட்டா மூணு விலை சொல்றாக. கம்பெனி சரக்கு ஒண்ணு, காம்பாட்டிபிள்னு வேற ஆள் சரக்கு ஒண்ணு, காலி டப்பாவைக் கொண்டாந்தா ரீஃபில்னு ஒண்ணு. எது கட்டுபடியாகும்? கோயில் புள்ளி வரி (குடும்பக் கணக்குல வசூலிக்கிறது) லிஸ்ட் 60 பக்கம் அடிக்கணும். பேத்தி ஸ்கூல் ஷீட்டு வேற.

[9:15] சொக்கு: ஆச்சி, மூடியத் திறந்து உள்ள ஒட்டியிருக்க கார்ட்ரிட்ஜ் நம்பரைச் சொல்லுங்க. மிஷின் மாடல் அப்புறம்.

[9:21] வள்ளி ஆச்சி: 📷 படம்

[9:21] வள்ளி ஆச்சி: 803 தம்பி

[9:24] சொக்கு: ஹெச்.பி. 803. கம்பெனி கணக்குல கறுப்பு 190 பக்கம், மூணு கலர் டப்பா 165 பக்கம். இதே நம்பர்ல "ஸ்மால்"னு ஒரு சின்ன டப்பாவும் வருது, மை கம்மி. விலை கம்மியா இருக்கேன்னு அதைத் தூக்கிட்டு வந்துறாதீக. பெட்டியில எத்தனை பக்கம்னு பாத்து வாங்குங்க.

[9:31] உமையாள்: அந்த 190ஐ அப்படியே நம்ப வேணாம். ஐ.எஸ்.ஓ. 24711னு ஒரு சோதனை, அஞ்சு மாதிரிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பி நிறுத்தாம அடிச்சு எண்றது. வீட்ல இன்னைக்கு ரெண்டு பக்கம், அஞ்சு நாள் கழிச்சு ஒரு பக்கம். நடுவுல கிளீனிங்ல ஓடுற மை கணக்குல வராது. நான் முக்கால்வாசின்னுதான் எடுத்துக்குவேன். 140 பக்கம்.

டப்பா 900 ரூபாய்னு ஒரு கணக்குக்கு வச்சுக்கிட்டா பக்கத்துக்கு ஆறு ரூபாய்க்கு மேல நிக்கிது.

[9:32] ராமு சென்னை: ஆறு ரூபாயா 😳 இங்க 680 போடுற மிஷின். அதுல 480 பக்கம்னு போட்ருக்கே

[9:34] உமையாள்: ஆமா, இங்க் அட்வான்டேஜ்னு பேர் போட்ட மிஷின். 680, 682 ரெண்டுலயும் கறுப்பு 480, கலர் 150. மிஷின் விலையில கொஞ்சம் கூட வாங்கிட்டு மையில குறைப்பாக. 803, 805 மிஷின் மலிவு, மையில எடுத்துருவாக. 805 கறுப்பு 120 பக்கம்தான்.

[9:35] ராமு சென்னை: அப்ப ஆச்சி மிஷின்ல 680 போட்டா?

[9:35] சொக்கு: ஏத்துக்காது.

[9:41] வள்ளி ஆச்சி: மிஷின் கதை இருக்கட்டும். இந்த மூணுல எது?

[9:48] சொக்கு: ஒரு விஷயம் தெரிஞ்சா பாதிக் குழப்பம் போயிரும் ஆச்சி. 803 டப்பாவுல மை மட்டும் இல்ல, அடியில செம்புக் கலர்ப் பட்டைக்குப் பக்கத்துல இருக்கதுதான் மையைத் தெளிக்கிற பிரிண்டர் ஹெட்டு. நீங்க குடுக்குற காசுல பெரும்பங்கு அதுக்குத்தான். அந்த ஹெட்டை வெளியாள் புதுசாச் செய்யிறது லேசு இல்ல. அதனால 803க்கு காம்பாட்டிபிள்னு விக்கிறது பெரும்பாலும் யாரோ போட்ட காலி டப்பாவைக் கழுவி, மை ஊத்தி, புது லேபிள் ஒட்டினதுதான். ரீஃபிலும் அதேதான். லேபிளுக்கு எதுக்குக் கூடக் குடுக்கணும்?

[9:50] உமையாள்: அண்ணே சொல்றது சரி. இன்னொண்ணு, அடுத்தவுக டப்பாவை வாங்கவே கூடாது. ஹெச்.பி.ல "கார்ட்ரிட்ஜ் புரொடெக்ஷன்"னு ஒரு செட்டிங். அது ஆன்ல இருந்த மிஷின்ல ஒரு தடவை போட்ட டப்பா வேற மிஷின்ல வேலை செய்யாது, "புரொடெக்டட்"னு எரர் காட்டும். உங்க காலி டப்பாவையே குடுத்து, கண்ணு முன்னாடி நிரப்பச் சொல்லுங்க.

[9:52] வள்ளி ஆச்சி: காலி டப்பா மிஷினுக்குள்ளயே கிடக்கு. பத்து நாளா மங்கலா அடிச்சு, இப்ப ஒண்ணுமே விழல

[9:55] சொக்கு: அப்ப அது போயிருக்கும். இதுல மையைச் சூடாக்கிக் கொப்புளமா வெடிக்க வச்சுத்தான் தாள்ல தெளிக்கும். மை வந்தாத்தான் அந்தச் சூடு தணியும். காலியா ஓட்டினா ஹெட்டு கருகிரும். அதுக்கு மேல எவ்வளவு மை ஊத்தினாலும் வெள்ளைக் கோடுதான்.

இப்ப கம்பெனி சரக்கு புதுசா ஒண்ணு வாங்குங்க. எழுத்து மங்க ஆரம்பிச்ச அன்னைக்கே நிறுத்தி ரீஃபில் பண்ணுங்க. நாலஞ்சு தடவை ஓடும். ஹெட்டுக்கு ஒரு தடவை காசு, மைக்கு நாலு தடவை. அதான் கட்டும்.

[10:02] தேவகோட்டை மீனா: ரீஃபில் நாமளே பண்ணலாமா? ஊசி, பாட்டில் எல்லாம் ஆன்லைன்ல வருதே

[10:14] சொக்கு: பண்ணலாம். கையுறை போட்டுக்க, பழைய தாள் விரிச்சுக்க. பட்டாலைத் தரையில வச்சுப் பண்ணிறாத, ஆத்தங்குடிக் கல்லுல கறை ஏறினா போகாது.

மேல் லேபிளை ஓரத்துல இருந்து உரிச்சா ஓட்டை தெரியும். கறுப்புக்கு 3 மி.லி. போதும். ஊசியை உள்ள இருக்க பஞ்சுல பாதி ஆழம் இறக்கி, மெதுவா, ஒரு நிமிஷம் எடுத்து அழுத்தணும். வேகமா அழுத்தினா பஞ்சுல காத்துக் குமிழ் நின்னுக்கும், அந்த இடத்துல மை இறங்காது. ஓட்டை வாயில மை பொங்கினா நிறுத்தி, அரை மி.லி. திருப்பி இழுத்துரு.

கலர் டப்பான்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு மி.லி. எந்த ஓட்டையில எந்தக் கலர்னு ஊகிக்காத. பல்குச்சிய விட்டுப் பாத்துட்டு ஊத்து. மஞ்சள்ல ஒரு சொட்டு நீலம் விழுந்தா எல்லாம் பச்சைதான்.

[10:15] சொக்கு: ஓட்டையை செலோடேப் போட்டு இறுக்கி அடைக்கக் கூடாது. உள்ள காத்துப் போனாத்தான் மை கீழ இறங்கும். அடைச்சா ரெண்டு பக்கம் நல்லா வரும், மூணாவதுல நின்னுரும். "மை ஊத்தியும் வரல"ன்னு வர்றதுல பாதி இதுதான்.

[10:17] உமையாள்: முடிச்சதும் டிஷ்யூ பேப்பரை மடிச்சு, ஹெட்டுப் பக்கத்தை அதுல பத்து செகண்ட் அப்படியே வைங்க, தேய்க்காம. கறுப்புல பட்டையா ஒரே அச்சு, கலர்ல மூணு தனிப் பட்டை விழுந்தா சரி. செம்புப் பட்டையில விரல் படக் கூடாது. பட்டா டிஸ்டில்டு வாட்டர் தொட்ட துணியால ஒரு துடை.

மை பாட்டில்ல "பிக்மென்ட் பிளாக்"னு பாத்து வாங்குங்க. 803 கறுப்பு பிக்மென்ட் (நுண்தூள் கலந்த மை), கலர் டை (கரைஞ்ச சாய மை). எல்லா மிஷினுக்கும்னு விக்கிற கறுப்பு பெரும்பாலும் டை. அது தாள்ல கசியும், ஈரக்கை பட்டா எழுத்து ஓடிரும். வரி ரசீது மாதிரி வச்சுக்காக்குற தாளுக்கு ஆகாது.

[10:19] தேவகோட்டை மீனா: எங்களது கேனான். நிரப்பினதும் ஈ13னு காட்டி நிக்கிது அண்ணே

[10:20] சொக்கு: மை தீந்துருச்சுன்னு அது நினைச்சுக்கிட்டு இருக்கு. ஸ்டாப் பட்டனை அஞ்சு செகண்டுக்கு மேல அமுக்கிப் பிடி. ஈ16னாலும் அதேதான். அதுக்கப்புறம் மை அளவு காட்டாது, நீதான் கண்ணால பாத்துக்கணும்.

[10:26] ராமு சென்னை: இவ்வளவு பாடு எதுக்கு, பாட்டில் மையை ஊத்திக்கிற டேங்க் மிஷின் வாங்கிரலாமே ஆச்சி

[10:33] உமையாள்: கணக்குப் பாப்போம். எப்சன் எல்3210ல 003 கறுப்பு பாட்டில் 65 மி.லி., 4500 பக்கம். பாட்டில் 400 ரூபாய்னு வச்சாலும் பக்கம் 9 பைசா. மிஷினுக்கு 7000 கூட ஆகுதுன்னு வச்சுக்குவோம். பக்கத்துக்கு 6 ரூபாய் மிச்சம்னா 1170 பக்கத்துல போட்ட காசு வந்துரும். ஆச்சி மாசம் 50 பக்கம் அடிச்சா ரெண்டு வருஷம். மேல சொன்ன மாதிரி ரீஃபில் பண்ணிக்கிட்டா இன்னும் நாளாகும்.

ஆனா அதுல கறுப்பும் டை மைதான், தண்ணி பட்டா கசியும். கறுப்பு பிக்மென்ட் வேணும்னா கேனான் ஜி2010 பாருங்க, பாட்டில் 135 மி.லி., 6000 பக்கம்.

[10:35] சொக்கு: எப்சன் டேங்க்ல ஹெட்டு மிஷினோட இருக்கு. காஞ்சு அடைச்சுக்கிட்டா டப்பா மாத்துற மாதிரி மாத்த முடியாது. வாரம் ஒரு கலர்ப் பக்கம் அடிக்க ஆள் இருக்க வீட்டுக்குத்தான் டேங்க்.

[10:37] ராமு சென்னை: கானாடுகாத்தான் வீட்ல வைக்கலாம்னு பாத்தேன். முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம்னாத்தான் திறக்குறோம்

[10:38] சொக்கு: பூட்டிக் கிடக்குற வீட்டுக்கு மை மிஷினே வேணாம். கறுப்பு மட்டும் அடிக்கிற லேசர் வாங்கிப் போடு. டோனர் தூள், காயாது. ஆறு மாசம் கழிச்சு சாமான் சிட்டை அடிச்சாலும் முதல் பக்கமே நல்லா வரும்.

[10:44] வள்ளி ஆச்சி: சரி. இப்ப இந்த 60 பக்கம்?

[10:49] உமையாள்: ஃபைலைப் பாத்தேன் ஆச்சி. ஒவ்வொரு பக்கத் தலைப்புலயும் பிள்ளையார் கலர்ல இருக்காக. ஒரு வரி விட்டு ஒரு வரி சாம்பல் கலர் வேற. பிள்ளையார் முதல் பக்கத்துல இருக்கட்டும், சாம்பலை எடுத்துருங்க.

பிரிண்ட் கொடுக்குறப்ப அட்வான்ஸ்டுல "பிரின்ட் இன் கிரேஸ்கேல்"ல "பிளாக் இங்க் ஒன்லி" போடுங்க. "ஹை குவாலிட்டி கிரேஸ்கேல்"னு இருந்தா கறுப்பு எழுத்துக்கே மூணு கலரும் ஓடும். தாள் வகை பிளெயின்ல இருக்கணும். போட்டோ பேப்பர்னு இருந்தா கறுப்பு டப்பாவைத் தொடாம கலரைக் கலந்து அடிக்கும்.

[10:51] சொக்கு: போன்ல இருந்து அடிச்சா அந்தச் செட்டிங் கிடைக்காம போகலாம். அப்பக் கலர் டப்பாவை வெளிய எடுத்துட்டு மூடுங்க, ஹெச்.பி. ஒத்தை டப்பாவுலயே ஓடும். எடுத்ததைக் காத்துப் போகாத டப்பியில வச்சு, வேலை முடிஞ்சதும் திருப்பிப் போட்றணும்.

[10:53] உமையாள்: வரி கட்டுனவுக பேர் திருவிழா வரைக்கும் மாறிக்கிட்டேதான் இருக்கும். திருத்தம் பாக்குற படியை வீட்ல டிராஃப்ட்ல (மை கம்மியா ஓடுற செட்டிங்) அடிங்க. கடைசிப் படியை பென்டிரைவ்ல கொண்டுபோய் ஜெராக்ஸ் கடையில லேசர்ல எடுத்துருங்க. பக்கம் 3 ரூபாய்னாலும் 180, வீட்ல அடிச்சா 360.

[மாலை 5:40] வள்ளி ஆச்சி: புதுசு போட்டாச்சு. எழுத்து நடுவுல வெள்ளைக் கோடு 📷 படம்

[5:43] சொக்கு: ஹெட்டு மேல ஒட்டியிருந்த டேப்பை முழுசா உரிச்சீகளா? அந்தப் படத்தை அனுப்புங்க

[5:47] வள்ளி ஆச்சி: 📷 படம்

[5:48] சொக்கு: ஓரத்துல ஒரு துண்டு நிக்கிது பாருங்க. டேப்போட காதைப் பிடிச்சு மெதுவா இழுங்க, செம்பைத் தொடாம. போட்டதும் அலைன்மென்ட் தாள் ஒண்ணு அடிக்கும். அதைக் கண்ணாடியில கவுத்து வச்சு ஸ்கேன் கொடுத்துருங்க. ராத்திரி பிரிண்டர் பட்டன்லயே அணைங்க, சுவர் சுவிட்சை முதல்ல அணைக்காதீக. ஹெட்டு மூடிக்குள்ள போய் உக்காராம நடுவழியில நின்னு காஞ்சுபோயிரும்.

[6:05] வள்ளி ஆச்சி: கோடு போயிருச்சு தம்பி. டிராஃப்ட்ல 12 பக்கம் வந்துச்சு. பேர் எல்லாம் வாசிக்கிற மாதிரிதான் இருக்கு