வேட்பாளரிடம் கையெழுத்து வாங்கும் தாளில் ‘சிறிய அரசாங்கம்’ என்பதையும் சேர்க்கலாமா?

சிப்புட் கலா:

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தையல்கடை வைத்திருக்கிறேன். எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பாதிப் பேர் தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள். அடுத்த பொதுத்தேர்தலுக்குள் ஒரு வேலை செய்யலாம் என்று சில பேர் சேர்ந்திருக்கிறோம். எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது. ஜெயித்த பிறகு அவர் நாடாளுமன்றத்தில் என்ன செய்தார் என்று வருடத்துக்கு ஒரு முறை ஒரே பக்கத்தில் அச்சடித்து அஞ்சடிக் (கடை முன் நடைபாதை) கடைகளில் ஒட்டுவது. இவ்வளவுதான் திட்டம்.

இந்த யோசனையைக் கொடுத்தது என் நாத்தனார் மகன். அமெரிக்காவில் குரோவர் நோர்குவிஸ்ட் என்பவர் 1985இல் ஒரு அமைப்பைத் தொடங்கி, ‘வரியை உயர்த்த மாட்டேன்’ என்று அரசியல்வாதிகளிடம் எழுதி வாங்குகிறாராம். இன்னும் சில அமைப்புகள் ஒவ்வொரு உறுப்பினரும் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று பார்த்து, பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு மாதிரி மார்க் போடுகின்றனவாம். கேட்கவே நன்றாக இருந்தது.

பிரச்சனை என்னவென்றால், ‘அரசாங்கத்தின் அளவைக் குறைக்க வேண்டும், வரி ஏறக்கூடாது’ என்பதை முதல் வரியாகப் போடச் சொல்கிறான். பக்கத்து வீட்டு அக்கா உடனே சண்டைக்கு வந்துவிட்டார். “அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி சீனி வியாதிக்கு மருந்து வாங்குகிறேன். அதைக் குறைக்கச் சொல்லி நானே கையெழுத்து வாங்கப் போகணுமா?” என்கிறார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் பையன் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஈப்போ மணி:

அந்த மார்க் போடும் முறை இங்கே அப்படியே நடக்காது. நம் மக்களவையில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கில்தான் நிறைவேறும். 15 பேர் எழுந்து நின்று கேட்டால்தான் பெயர் பெயராக எண்ணுவார்கள். எண்ணினாலும் கட்சி சொன்ன பக்கம்தான் கை போகும். அதற்குப் போய் மார்க் போட்டால் கட்சிக்குத்தான் போட வேண்டும்.

அப்புறம் கையெழுத்து. பேராக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2009இல் மாநில ஆட்சி கவிழ்ந்தபோது, கட்சியை விட்டு விலகிய இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் முன்பே கையெழுத்துப் போட்டுத் தந்திருந்த பதவி விலகல் கடிதங்களைச் சபாநாயகர் எடுத்துக் காட்டினார். தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. இடைத்தேர்தலும் இல்லை, கடிதமும் வீண். கட்சித் தாவலுக்கு எதிராக அரசியலமைப்பையே 2022இல் திருத்திய பிறகுதான் அந்தக் கதைக்குக் கொஞ்சமாவது கட்டுப்பாடு வந்தது. உங்கள் தாளுக்கு வெட்கப்பட வைக்கும் பலம் மட்டும்தான் உண்டு. அதுவும் வெட்கப்படுகிறவரிடம்.

பழைய கிராணி:

கலா, நான் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். காலைப் பெரட்டில் பேர் பதிவதிலிருந்து சம்பளக் கணக்கு வரை என் கை வழியாகத்தான் போகும்.

அரசாங்கம் சின்னதாக இருந்தால் எப்படி இருக்கும் என்று தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். தண்ணீர் தோட்டத்துத் தண்ணீர். மருந்து தோட்டத்து டிரெஸ்ஸர் கொடுக்கிற மருந்து. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, லயத்து வீட்டுக் கூரை, திருவிழாவுக்கு ஒரு நாள் லீவு, எல்லாவற்றுக்கும் தோட்ட மேனேஜரான துரை தலையாட்ட வேண்டும். கூரை ஒழுகுகிறது என்று வெளியே போய்க் கேட்டால் ‘அது தனியார் நிலம்’ என்று ஒரே பதில். துரை நல்ல மனுஷனாக இருந்தால் தகரம் வரும். இல்லையென்றால் அடுத்த துரைக்குக் காத்திருக்க வேண்டும். ஓட்டுப் போட்டு அவரை மாற்ற முடியுமா? அரசாங்கம் விலகி நின்ற இடம் காலியாக இருக்கவில்லை, அங்கே கம்பெனி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. உங்கள் பையன் இதைப் பார்த்ததில்லை, அவன்மேல் தப்பில்லை.

தொழிலாளர் வீடுகளுக்கும் வசதிகளுக்கும் குறைந்தபட்சத் தரம் வைத்த 446ஆவது சட்டம் 1990இல் வந்தது. அது அலமாரியில் இருந்ததால்தான் தண்ணீர்க் குழாய்க்கு வாய் திறந்து பேச முடிந்தது. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று ஆரம்பித்தது, 2025இல் 1,700 ஆனது. எந்தக் கம்பெனியும் தானாக மனமிரங்கிக் கொடுக்கவில்லை. சிறிய அரசாங்கம் கேட்கிற அமைப்புகள் பெரும்பாலும் எதிர்க்கும் சட்டங்களில் இதுவும் ஒன்று. பையனிடம் இதைக் கேளுங்கள்.

ஆனால் பொறுப்புக் கூற வைக்கிற பாதி நல்ல பாதி, அதை விடாதீர்கள். அதற்கு அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். 2008இல் நம் ஊரில் அமைச்சராக இருந்த சாமிவேலுவை வென்று டாக்டர் ஜெயக்குமார் நாடாளுமன்றம் போனார். எதிர்க்கட்சி உறுப்பினர் என்பதால் தொகுதி ஒதுக்கீட்டுப் பணம் அவருக்குத் தரப்படவில்லை. கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். ஒதுக்கீடு என்பது அரசாங்கம் பார்த்துக் கொடுப்பது, உறுப்பினர் உரிமையாகக் கேட்க முடியாது என்றானது. பணம் மக்கள் கட்டிய வரிதானே? ஓட்டை மாற்றிப் போட்டால் அந்தத் தொகுதிக்குச் சாலையும் சாக்கடையும் குறைய வேண்டுமா? ‘எந்தக் கட்சி ஆண்டாலும் எல்லாத் தொகுதிக்கும் சமமான ஒதுக்கீடு, அதைச் சட்டமாக்கப் பேசுவேன், செலவுக் கணக்கை வருடா வருடம் வெளியிடுவேன்.’ இதை எழுதி நீட்டுங்கள். இன்றைக்கு ஆளும் பக்கம் இருப்பவர் பேனாவை எடுக்கத் தயங்குவார். தயங்கினால் அதையே அஞ்சடியில் ஒட்டுங்கள்.

லோரி சேகர்:

கிராணி ஐயா, தோட்டத்துக் கதையை நான் மறுக்கவில்லை, என் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்தான். ஆனால் நீங்கள் பையனை ரொம்பச் சுலபமாக ஒதுக்குகிறீர்கள். 2020இல் அமைச்சர்கள், துணை அமைச்சர்கள் என்று 70 பேர் பதவி ஏற்றார்கள். மொத்த மக்களவையே 222 பேர்தான். மீதிப் பேரில் சிலரை அரசு நிறுவனங்களுக்குத் தலைவராக உட்கார வைத்தார்கள். கேள்வி கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் யார் கேட்பது? இதைக் குறைக்கச் சொல்வதும் சிறிய அரசாங்கம்தான்.

வரியும் அப்படித்தான். பொருள், சேவை வரியான ஜி.எஸ்.டி. 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு என்று வந்தது. 2018இல் ஆட்சி மாறியதும் போய், பழைய விற்பனை, சேவை வரியான எஸ்.எஸ்.டி. திரும்பி வந்தது. 2024 மார்ச்சில் சேவை வரி 8 ஆனது. ஒவ்வொரு தடவையும் பில் புத்தகத்தை மாற்றியவன் நான், என்னை யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மக்கள் ஓட்டுப் போடாமல் வரியை ஏற்ற முடியாது என்று 1992இல் எழுதிவைத்தார்கள். 2005இல் சாலைக்கும் கல்லூரிக்கும் பணம் போதவில்லை என்றபோது, அந்த விதிப்படி மக்களுக்குத் திருப்பித் தர வேண்டிய மிச்ச வரியை 5 வருடத்துக்கு அரசே வைத்துக்கொள்ள அதே மக்கள் ஓட்டுப் போட்டு விட்டுக்கொடுத்தார்கள். கேட்டால் கொடுக்கிறார்கள் ஐயா.

பழைய கிராணி:

சேகர் தம்பி, பதவி குறையட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. அப்படியானால் ‘அமைச்சர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு’ என்று நேராக எழுதுங்கள். ‘சிறிய அரசாங்கம்’ என்று மொட்டையாகப் போட்டால் நாளைக்குக் கிளினிக்கில் கை வைக்கும்போது நம் கையெழுத்தையே நம்மிடம் காட்டுவார்கள்.

சிப்புட் கலா:

எல்லாருக்கும் நன்றி. பையனும் படித்தான். ‘பந்தி’ வரியைக் குறித்துவைத்துக்கொண்டான், 1,700 வெள்ளிக்கு மட்டும் பதில் பேசவில்லை. சம ஒதுக்கீடு, கணக்கு வெளியீடு, அமைச்சர் உச்சவரம்பு, இந்த மூன்றும் தாளில் வரும். வரி உயர்வைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை.

மணி அண்ணே, ஓட்டை எண்ண முடியாது என்றால் எத்தனை கேள்வி கேட்டார், தோட்டம், தமிழ்ப்பள்ளி பற்றி எப்போது பேசினார் என்று நாடாளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சாட்டில் பார்த்து எழுதலாம் அல்லவா? நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கிறது, ஆனால் எல்லாம் மலாயில், பக்கம் பக்கமாகப் போகிறது. அப்புறம் நகராண்மைக் கழக உறுப்பினர்களை என்ன செய்வது? உள்ளூராட்சித் தேர்தலை 1965இல் நிறுத்தியதிலிருந்து நியமனம்தான். சுக்காய் பிந்து (வீட்டு வரி) கட்டுகிறோம், ஆனால் வேட்பாளரே இல்லாத இடத்தில் தாளை யாரிடம் நீட்டுவது?

ஈப்போ மணி:

அவர்களை நியமிப்பது மாநில அரசு. அதனால் உங்கள் பகுதியின் லிந்தாங், ஜாலோங் சட்டமன்றத் தொகுதி வேட்பாளர்களுக்குத் தனித் தாள் போடுங்கள். ஹன்சாட்டில் உறுப்பினர் பெயருக்குப் பக்கத்தில் தொகுதிப் பெயரும் இருக்கும். அதை வைத்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். இந்த வருடத்துக் கூட்டத்தொடரை நான் பார்த்துத் தருகிறேன், எழுதுவது உங்கள் பாடு.