எண்ணெய் ஏற்றலா, நெய்யூட்டலா?

கிளிநொச்சியிலிருந்து:

வணக்கம். திங்கட்கிழமை மாணவருக்குச் செய்முறைத்தாள் கொடுக்க வேண்டும். கழற்றிப் புதிதாகப் பூட்டிய டர்போ டீசல் கார் எஞ்சினை முதன்முறை ஸ்ராட் பண்ணுமுன் செய்யும் வேலைகள். ஒரு சொல்லில் நிற்கிறேன். அடியில் ஒயில் நிறைய இருந்தாலும் சுழலும் தண்டுகளைத் தாங்கும் பெயரிங்குகளுக்கு அது இன்னும் போயிருக்காது. அதனால் பில்டரை நிரப்பி, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவின் ஒயில் வாயில் கொஞ்சம் விட்டுக் கையால் சுழற்றி, டீசல் பாயாதபடி மறித்துக்கொண்டு, ஒயில் அழுத்தம் காட்டும்வரை இடைவெளி விட்டு ஸ்ராட்டர் அடிக்கிறோம். கராஜில் இதுவும் 'பிரைம்', டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் எயார் எடுப்பும் 'பிரைம்'. டர்போத் தண்டு ஒயில் படலத்தில் மிதந்தபடி நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேலும் ஓடும். எயாரை மட்டும் எடுத்துவிட்டு ஸ்ராட் பண்ணும் பிள்ளை டர்போவைக் கெடுத்துவிடும். இரண்டு வேலைக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

முள்ளியவளையிலிருந்து:

தம்பி, 'நெய்யூட்டல்' என்று எழுதுங்கள். எள் நெய்தான் எண்ணெய். நெய் என்பது எல்லாப் பிசுக்குக்கும் பொதுவான பழஞ்சொல். 'உயவு' என்று யாரேனும் சொல்லுமுன் சொல்லிவிடுகிறேன்: வண்டி அச்சுக்கு இடுவதை உயவுநெய் என்றது உண்மை, ஆனால் சங்கப் பாட்டில் உயவு வருத்தம். 'மசகு' நமது பத்திரிகைகளில் கச்சா எண்ணெயாகிவிட்டது. புறநானூறு 102இல் ஔவையார் சொல்லும் 'சேம அச்சு' நினைவுக்கு வருகிறது. மேடோ பள்ளமோ யாருக்குத் தெரியும் என்று உப்பு வணிகரான உமணர் வண்டிக்கு அடியில் கட்டிவைத்த மாற்றச்சு அது. பயணத்துக்கு முன்னான காப்பு என்பதால் 'சேமநெய்' என்றும் ஆக்கலாம்.

மாங்குளத்திலிருந்து:

ஐயா, சேமநெய் என்றால் பெடியள் மேலதிக ஒயில் கானைத் தேடுவார்கள். நாங்கள் சொல்வது 'ஒயில் ஏத்துறது'. கீழே கிடப்பதை மேலே ஏற்றுகிறோம், அவ்வளவுதான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது. சொல் வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. தாளில் இதையும் போடுங்கள் தம்பி: பழைய பம்பில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி எயார் எடுக்கலாம், டீசலை உயர் அழுத்தத்தில் ஒரே குழாயில் தேக்கிவைக்கும் கொமன் ரெயிலில் ஸ்ராட்டர் அடித்துக்கொண்டு அதைத் தொடவே கூடாது. 1,000 பாருக்கு மேல் வரும் டீசல் தோலைத் துளைக்கும். ஸ்ராட் ஆனதும் உடனே அக்சிலேட்டரை மிதிக்கவும் கூடாது. எஞ்சின் தானாக வேகமெடுத்தால் காற்று வாயை அடைக்க ஒரு பலகை பக்கத்தில் இருக்கட்டும்.

வவுனியாவிலிருந்து:

மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பதால் சொல்கிறேன், 'எண்ணெய் ஏற்றம்' என்றால் விலையேற்றம் என்று படிப்பார்கள். 'எண்ணெய் ஏற்றல்' பரவாயில்லை. நெய்யூட்டல் அழகுதான் ஐயா, ஆனால் இங்கே நெய் என்றால் பசுநெய். 'எயார் எடுத்தல்' அப்படியே இருக்கட்டும். 'வடவெழுத் தொரீஇ' (வடமொழிக்கே உரிய எழுத்தை விட்டு) என்று தொல்காப்பியர் வடசொல்லுக்குத் திறந்த வாசல் எயாருக்கும் போதும், எழுத்து தமிழுக்குள் அடங்கிவிட்டதே.

முள்ளியவளையிலிருந்து:

பிள்ளை, அந்த நூற்பா எழுத்தைத்தான் சொல்கிறது. காற்று என்ற சொல் கையிலிருக்கும்போது எயார் எதற்கு? 'காற்றகற்றல்' எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். பாடத்தாளும் கராஜ் பேச்சையே எழுதினால் பிள்ளைகள் தமிழை எங்கே படிப்பார்கள்?

கிளிநொச்சியிலிருந்து:

காற்றகற்றலை எடுத்துக்கொள்கிறேன் ஐயா, முதல் தடவை மட்டும் பக்கத்தில் எயார் எடுத்தல் என்றும் போடுகிறேன். மற்றதற்கு இதுவரை எழுதியவர்களில் கூடுதலானோர் எண்ணெய் ஏற்றல் பக்கம். அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

முள்ளியவளையிலிருந்து:

கொடுங்கள், ஆனால் நான் உடன்படவில்லை. 'ஏற்பது இகழ்ச்சி' படித்த பிள்ளைக்கு ஏற்றல் கைநீட்டி வாங்குவது. குறைந்தபட்சம் 'ஏற்றுதல்' என்றாவது போடுங்கள்.

வவுனியாவிலிருந்து:

ஏற்று என்ற பகுதியோடு அல் விகுதி சேர்ந்தாலும் ஏற்றல்தான் ஐயா. பிழையில்லை.

முள்ளியவளையிலிருந்து:

பிழை என்று நான் சொல்லவில்லை. இரண்டு வேலைக்கு ஒரே சொல் என்பதுதானே தம்பியின் முறைப்பாடு? இப்போது இரண்டு பொருளுக்கு ஒரே சொல்லைக் கொடுக்கிறீர்கள். அடுத்த பதிப்புக்கு நெய்யூட்டலை மறுபடி கொண்டுவருவேன்.