புர்னோவில் இரண்டு நாள்: டிக்கெட் யோசனை வேண்டும்

நண்பர்களே, செக் நாட்டின் புர்னோவுக்கு இரண்டு நாள் திட்டம். சிக்கல் துகெந்தாட் மாளிகையில்தான். கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1930-இல் முடிந்த வீடு. 2001 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. உள்ளே வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள். டிக்கெட் பல வாரம் முன்பே தீர்ந்துவிடும். திங்கள் விடுமுறை. தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் ஓனிக்ஸ் என்ற கல்லால் ஆன சுவரையும், மோட்டாரில் கீழே இறங்கும் பெரிய கண்ணாடிச் சன்னல்களையும் உள்ளே நின்று பார்க்க முடியாது. இலை போட்டுப் பாயசம் இல்லாத கதை! ரத்தான இடங்கள் இணையத்தில் திரும்ப வருமா, நேரில் போனால் கிடைக்குமா?

மறுநாள் ஷ்பில்பெர்க் கோட்டை, புனித யாக்கோபு தேவாலயத்தின் அடியில் 50,000 பேருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் அடுக்கிய நிலவறை, மரபியல் முன்னோடி மெண்டலின் அருங்காட்சியகம். கோட்டை மேடேறவே நேரம் பிடிக்கும். எதை விடலாம்?