குளோரின் கொட்டியும் பச்சை மாறாத குளம்

மூன்று வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது நீச்சல் குளம் பச்சைப் பசேலென்று கிடந்தது. முதல் படிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை, சுவரைத் தொட்டால் வழவழவென்று பாசி. இருந்த குளோரினைக் கொட்டினேன். மறுநாளும் பச்சை. இன்னும் கொட்டினேன். நான்காம் நாளும் அதே பச்சை. குழந்தைகள் காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போவார்கள். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அளக்காமல் கொட்டியதுதான் தப்பு. சோதனைப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பிஹெச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 8.0; அது சரிசெய்யக்கூடியதுதான். ஆனால் ஸ்டெபிலைசர் என்கிற சயனூரிக் அமிலம் குழாயின் கடைசிக் கோடான 100-ஐயும் தாண்டியிருந்தது. சோதனைக்கு எடுத்த தண்ணீரில் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி அளந்தால் 75. அப்படியென்றால் குளத்தில் 150 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 150 பங்கு. 30 முதல் 50 வரை இருந்தாலே போதும்.

காரணம், நான் மிதவையில் போட்டுவந்த மாத்திரைகள். அவை டிரைகுளோர் என்கிற குளோரின் மாத்திரைகள். 10 பிபிஎம் குளோரின் கொடுத்தால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுப் போகும். குளோரின் தீர்ந்துவிடும், இது தங்கிவிடும். வெயிலிலிருந்து குளோரினைக் காப்பது இதுதான் என்றாலும், அளவு மிஞ்சினால் குளோரினை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாது. பாசி சாக வேண்டுமென்றால் ஸ்டெபிலைசர் அளவில் சுமார் 40 சதவீதம் குளோரின் நிற்க வேண்டும். 150-க்கு 60 பிபிஎம்! நாள் கணக்கில் அதைக் குறையாமல் எப்படி வைத்திருப்பது?

தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. முழுவதும் இறைக்கவில்லை, நிலத்தடி நீர் உயரத்தில் இருந்தால் காலியான தொட்டியையே அது தூக்கிவிடும். இரண்டு தவணையாக, ஒவ்வொரு முறையும் பாதிக்குச் சற்றுக் குறைவாக இறக்கி நிரப்பினேன். 50-க்கு வந்தது. அப்புறம் பிஹெச்சை 7.2-க்கு இறக்கினேன். இதை முதலிலேயே செய்துவிட வேண்டும், குளோரின் ஏறிய பிறகு பிஹெச் சோதனையை நம்ப முடியாது. பிறகு திரவக் குளோரின் ஊற்றி 20 பிபிஎம்முக்கு ஏற்றி, தினமும் மூன்று நான்கு முறை அளந்து, குறைந்ததை ஊற்றிக்கொண்டே இருந்தேன். பம்ப் இரவும் பகலும் ஓடியது. ஏணிக்குப் பின்புறம், விளக்கின் விளிம்பு என்று ஒரு மூலை விடாமல் பிரஷ் போட்டேன். ஃபில்டர் அழுத்தம் வழக்கத்தைவிட 8 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) ஏறியதும் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவுவது.

இரண்டாம் நாள் பச்சை போய்ச் சாம்பல் கலந்த வெள்ளையானது. செத்த பாசி அது. ஐந்தாம் நாள் தரை தெரிந்தது. அதோடு நிறுத்திவிடவில்லை. இரவு அளந்து, விடியும் முன் மறுபடி அளந்தேன். 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் பாசி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அரைதான் குறைந்திருந்தது. குளோரின் தானாக இறங்கும்வரை காத்திருந்துதான் குழந்தைகளை விட்டேன்.

* * *

மேலே எழுதியவருடையது பாசிப் பச்சை; எங்கள் குளத்துப் பச்சை வேறு மாதிரி. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு, தரை ஓடுகளை எண்ணலாம், ஆனால் நிறம் மட்டும் பச்சை. குளோரின் ஊற்றிய சில மணி நேரத்தில் வந்தது. நான் ஊற்றிவந்த பாசிக்கொல்லியில் இருந்த செம்பு அது. மகளின் தலைமுடியிலும் பச்சை ஏறியது. பாசியே இல்லாத தண்ணீரில் ஒரு வாரம் குளோரினைக் கொட்டியிருக்கிறேன். இப்போது செம்பு கலந்த எதையும் வாங்குவதில்லை.

* * *

நானும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிரைகுளோர் மாத்திரைத் தூள் ஒட்டியிருந்த அளவைக் கரண்டியை அப்படியே கால்சியம் ஹைப்போகுளோரைட் என்கிற இன்னொரு வகைக் குளோரின் டப்பாவில் விட்டேன். சீறிக்கொண்டு புகை வந்தது, மூச்சு அடைத்தது, வெளியே ஓடினேன். இந்த இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இப்போது தனித்தனிக் கரண்டி, தனித்தனி அலமாரி. அமிலம் இரண்டுக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறது.